கோதாவில் நின்ற கல்லூரி மாணவர் – கஷாபா ஜாதவ்

இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு

தோற்றுவாய்

மற்போர் தமிழர்க்குப் புதியதன்று. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல் நமக்குக் கூறுகிறது. பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டத்தைப் பூண்டான். அப்பெயரைத் தாங்கிய மாமல்லபுரம் இன்றும் கடலலைகளுக்கு நடுவே கலைச்சிறப்போடு நிற்கிறது. தோள்வலி படைத்த மன்னர்களின் புகழைப் பாட்டும் கல்லும் காத்து வந்தன. ஆனால் மன்னர் மரபில் பிறவாத சிற்றூர் இளைஞன் ஒருவன் தன் தோள்வலியால் நாட்டுக்குத் தேடித் தந்த புகழை யார் காப்பது? இவ்வினா எழும்போதெல்லாம் நினைவுக்கு வரவேண்டிய பெயர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ் என்பதாகும்.

விடுதலை பெற்ற இந்தியாவுக்கு ஒலிம்பிக் போட்டியில் தனிநபர் பதக்கம் ஒன்றை முதன்முதலாக வென்று தந்தவர் இவரே. 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நார்மன் பிரிச்சார்டு என்பவர் ஓட்டப் போட்டிகளில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் பெற்றது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து நிகழ்ச்சி. வளைகோல் பந்தாட்டத்தில் நம் நாடு அடைந்த வெற்றிகளோ பதினொருவர் கூடிப் பெற்றவை. தனியொருவராகக் கோதாவில் இறங்கி, உலக மல்லர்களை எதிர்த்து நின்று, மூவண்ணக் கொடிக்குப் பெருமை தேடிய ஜாதவ் அப்போது 26 வயது இளைஞர். சிற்றூரிலிருந்து கல்லூரிக்கு வந்தவர் என்பது நமக்கு அவர்பால் தனி அன்பை உண்டாக்குகிறது.

பிறப்பும் பயிற்சியும்

மகாராட்டிர மாநிலம் சதாரா மாவட்டத்தில் கராட் என்னும் ஊருக்கு அருகில் கோலேஷ்வர் என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கே 1926ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள் ஜாதவ் பிறந்தார். தந்தையார் தாதாசாகேப் அவ்வட்டாரத்தில் பெயர் பெற்ற பயில்வான். பிள்ளைகள் ஐவரில் இளையவரான கஷாபா, ஐந்து வயதிலேயே தந்தையின் கைப்பிடித்துக் கோதாவில் இறங்கிவிட்டார். நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் தகப்பன் சிலம்பம் சுழற்றப் பிள்ளை அதைப் பார்த்துத் தானும் கோலெடுப்பதைப் போன்றதே இதுவும்.

கராட் நகரத் திலகர் உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கம் நாடெங்கும் பற்றி எரிந்தபோது, மறைந்திருந்து போராடிய தொண்டர்களுக்கு அடைக்கலம் தந்தும், அவர்களுடைய கடிதங்களைக் கொண்டு சேர்த்தும் பள்ளிச் சிறுவனாகிய அவர் துணை நின்றார். பின்னர்க் கோலாப்பூர் இராசாராம் கல்லூரியில் சேர்ந்தார்.

கோலாப்பூரைப் பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டும். சத்திரபதி சாகு மகாராஜா மல்யுத்தத்தைப் போற்றி வளர்த்த நகரம் அது. அவர் காலத்தில், 1912ஆம் ஆண்டு, காஸ்பாக் மைதானம் என்னும் பெரிய மற்போர் அரங்கு அங்கே அமைந்தது. எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்திய செம்மண்ணில் நடக்கும் குஸ்தியைக் காண ஆயிரக்கணக்கானோர் அங்குத் திரள்வது வழக்கம். அந்நகரில் கல்லூரி மாணவராகிய ஜாதவ், தம்மினும் உருவில் பெரிய மல்லர்களையும் எளிதில் வீழ்த்திப் பெயர் பெற்றார். எதிராளியின் தலையைக் கையால் வளைத்துப் பிடித்துத் தரையில் சாய்க்கும் டாக் என்னும் பிடி அவருக்குக் கைவந்த கலை.

சிறிய உடல் பெரிய உடலை வீழ்த்துவது எப்படி எனச் சிலர் வியக்கலாம். அறிவியல் பயிலும் நமக்கு அது வியப்பாகாது. உடலின் புவியீர்ப்பு மையம், ஊன்றிய கால்களுக்கு இடைப்பட்ட பரப்பைத் தாண்டி வெளியே போய்விட்டால் எத்தனை பெரிய உடலும் நிலைகுலைந்து விழும். நெம்புகோலில் தாங்குபுள்ளியை அறிந்தவன் சிறு விசையால் பெரும் பாரத்தைத் தூக்குவான். ஏட்டில் நாம் படிக்கும் இத்தத்துவங்களை மல்லன் தன் தசையாலும் நரம்பாலும் படிக்கிறான்.

இலண்டன் பயணம்

கல்லூரியில் காட்டிய திறமை கோலாப்பூர் மகாராஜாவின் காதுக்கு எட்டியது. அவருடைய பொருளுதவியால் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் வாய்ப்பு ஜாதவுக்குக் கிடைத்தது. 52 கிலோ எடைப்பிரிவில் அவர் களம் இறங்கினார்.

ஆனால் அங்கே கண்ட களம் அவர் அறிந்த களமாக இல்லை. நம் நாட்டுக் குஸ்தி மண்ணில் நடப்பது. ஒருவன் முதுகு மண்ணில் படும் வரை நேரக்கணக்கின்றிக்கூட அது நீளும். ஒலிம்பிக்கிலோ விரிப்பின்மீது மற்போர் நடக்கும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், எவரும் வீழாவிட்டால் நடுவர்கள் கூடி வெற்றியை முடிவு செய்வார்கள். மண்ணில் பாதம் சற்றே புதைந்து பிடிமானம் கொள்ளும். விரிப்பில் உராய்வு வேறு. அதற்கேற்பக் காலடி வைக்கும் முறையும் வேறாகிறது. பழகிய காலை மீண்டும் நடை பழக்குவது எளிய செயலா? அமெரிக்கப் பயிற்சியாளர் ரீஸ் கார்ட்னர் அவருக்கு இம்முறைகளைக் கற்பித்தார். ஆஸ்திரேலிய வீரரையும் அமெரிக்க வீரரையும் வென்ற ஜாதவ், ஈரான் நாட்டு மல்லரிடம் தோற்று ஆறாம் இடம் பெற்றார். அதுவரை விரிப்பில் ஆடிப் பழகாத ஒருவருக்கு அது சிறிய வெற்றியன்று. ஊர் திரும்பியவர் அடுத்த நான்கு ஆண்டுகளைப் பயிற்சியிலேயே கழித்தார். எடையும் கூடியதால் 57 கிலோ பிரிவுக்கு மாறினார்.

அடகுக்குப் போன வீடு

1952ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி பின்லாந்து நாட்டுத் தலைநகரான ஹெல்சிங்கியில் நடைபெறுவதாக இருந்தது. அதற்கு முன்னர் நம் சென்னை நகரில் நடந்த தேசியப் போட்டியில், வெற்றி பெற்றவரைவிட ஒரே ஒரு புள்ளி குறைவாகத் தமக்கு வழங்கப்பட்டதாகவும், அதில் நேர்மை இல்லை என்றும் ஜாதவ் கருதினார். அப்புள்ளி அவருடைய ஒலிம்பிக் கனவையே தகர்ப்பதாக இருந்தது. விதியை நொந்து வீட்டில் அமர்ந்துவிடாமல் பட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார். விளையாட்டில் ஆர்வம் மிக்க மகாராஜா அவருக்குத் தேர்வுப் போட்டியில் இடம் வாங்கித் தந்தார். அங்கே எதிராளியை வீழ்த்தித் தம் முறையீட்டின் நியாயத்தைக் கோதாவிலேயே மெய்ப்பித்தார் ஜாதவ்.

இடம் கிடைத்தது, செல்வதற்குப் பொருள் கிடைக்கவில்லை. இம்முறை தம் செலவுக்குத் தாமே வழி தேடவேண்டிய நிலை. அரசிடம் கேட்டும் உரிய வேளையில் போதிய உதவி வரவில்லை. ஊராரும் கோலாப்பூர் வணிகர்களும் தம்மால் இயன்றதைத் தந்தனர். அப்போதும் தொகை நிரம்பவில்லை. அந்நிலையில் இராசாராம் கல்லூரி முதல்வர் கார்டிகர் அவர்கள் தம் சொந்த வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் பெற்றுத் தம் மாணவரின் கையில் கொடுத்தார்.

இச்செய்தியைப் படிக்கும் எந்த மாணவரும் ஒரு கணம் நின்று எண்ணாமல் இருக்க முடியாது. ஆசிரியர் பாடம் சொல்லித் தரலாம், நூல் வாங்கித் தரலாம், தேர்வுக் கட்டணம் கட்டி உதவுவோரும் உண்டு. தம் குடும்பம் குடியிருக்கும் கூரையையே ஈடாக வைத்து, ஒரு மாணவனின் தோள்மீது அத்தனை நம்பிக்கை கொண்ட ஆசிரியரை எங்கே காண்பது? அம்மாணவர் தோற்றுத் திரும்பியிருந்தால் அவ்வீட்டின் கதி என்ன? அந்தக் கேள்வியையும் சுமந்துகொண்டுதான் ஜாதவ் பின்லாந்துக்குப் புறப்பட்டார்.

ஹெல்சிங்கி அரங்கில்

அந்த ஒலிம்பிக் உலகத்தார் பெரிதும் எதிர்பார்த்த ஒன்று. சோவியத் நாடு முதன்முதலாக அப்போட்டியில்தான் கலந்துகொண்டது. உலகப் போருக்குப் பின் 1948இல் இடம் பெறாத ஜப்பானும் ஜெர்மனியும் மீண்டும் வந்திருந்தன. கனடா, மெக்சிகோ, ஜெர்மனி ஆகிய நாடுகளின் மல்லர்களை ஒருவர்பின் ஒருவராக வென்று ஜாதவ் இறுதிக் கட்டத்தை எட்டினார். அங்கே அவர் சந்தித்தவர் இருவர்: ஜப்பானின் ஷோஹாச்சி இஷி, சோவியத் நாட்டின் ரஷீத் மமெத்பெயோவ்.

இஷியின் வரலாறும் அறியத்தக்கது. அவர் முதலில் பயின்றது ஜூடோ. 1945இல் ஜப்பான் போரில் தோற்றபின், அந்நாட்டை ஆண்ட நேசநாட்டுப் படையினர் ஜூடோ முதலிய போர்க்கலைகளைப் பள்ளிகளில் பயிற்றுவிக்கத் தடை விதித்தனர். தம் கலைக்குக் கதவு அடைக்கப்பட்டதால் மல்யுத்தத்துக்கு மாறியவர் இஷி. ஒருபுறம் கலை மறுக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்த ஒருவர்; மறுபுறம் பணமின்றிக் கடன்பட்டு வந்த ஒருவர். இருவரும் ஒரே விரிப்பில் நெடுநேரம் பொருதனர். வெற்றி இஷிக்குக் கிடைத்தது.

ஓர் ஆட்டத்தின் களைப்பு நீங்குமுன்னரே ஜாதவ் அடுத்த ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இரண்டு ஆட்டங்களுக்கு இடையே 30 நிமிட ஓய்வு தரவேண்டும் என்பது விதி. அவ்விதியை எடுத்துக்காட்டி அவருக்காக வாதாட இந்திய அலுவலர் ஒருவரும் அருகில் இல்லை. மூச்சு வாங்க நேரமின்றி மீண்டும் களம் புகுந்தவர் மமெத்பெயோவிடம் தோற்றார். இஷிக்குத் தங்கம், மமெத்பெயோவுக்கு வெள்ளி, ஜாதவுக்கு வெண்கலம் என முடிவாயிற்று. அன்று 1952ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள்.

சண்டைக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு விதியில்தான் இருக்கிறது. எடைப்பிரிவு, நேரக்கணக்கு, தடை செய்த பிடிகள், ஓய்வு, நடுவர் என்னும் இவை சேர்ந்தே போர்க்கலையைப் போட்டியாக்குகின்றன. ஆயினும் விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது; வேண்டிய நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நம்மில் பலர் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். அலுவலகச் சன்னலுக்கு முன்னே, விதி நம் பக்கம் இருந்தும் அதைச் சொல்லத் தெரியாமல் பெற்றோருடன் திகைத்து நின்ற அனுபவம் நமக்கு உண்டு. ஆகவே ஹெல்சிங்கியில் ஜாதவ் தனியே நின்ற நிலை நமக்கு நன்றாகவே விளங்கும்.

ஊர் எடுத்த விழா

வெண்கலத்தோடு வந்தவரை ஊர் வெறுங்கையோடு வரவேற்கவில்லை. கராட் இரயில் நிலையத்தில் 151 மாட்டு வண்டிகள் அணிவகுத்து நின்றன. மேளம் முழங்கியது, வெடிகள் அதிர்ந்தன. சாதாரணமாகக் கால் மணி நேரத்தில் கடக்கும் வழியை அன்று ஊர்வலம் கடந்து கோலேஷ்வர் மகாதேவர் கோயிலை அடைய ஏழு மணி நேரம் ஆயிற்றாம். கார்த்திகைத் தீபத் திருவிழாவில் அண்ணாமலையார் பெருந்தேர் மாட வீதிகளில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் காட்சியை மனக்கண்ணில் காண்பது கடினமன்று.

விழா முடிந்ததும் ஜாதவ் செய்த முதற்பணி யாது? கோலாப்பூரில் மற்போர்ப் பந்தயங்களில் கலந்துகொண்டு வென்றார். அதில் கிடைத்த பணத்தைக் கொண்டுபோய் முதல்வர் கார்டிகரிடம் கொடுத்து, அடகில் இருந்த வீட்டை மீட்க உதவினார். பதக்கத்தைவிட இச்செயல் உயர்ந்தது என்று சொல்வோரும் உளர். இரண்டையும் நிறுத்துப் பார்க்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே மனிதரின் கைகள் செய்தவை.

காக்கி உடையில்

1955ஆம் ஆண்டு ஜாதவ் காவல்துறையில் துணை ஆய்வாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மெல்போர்னில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் போட்டிக்கும் ஆயத்தமானார். ஆனால் முழங்காலில் ஏற்பட்ட காயம் அவரைத் தடுத்துவிட்டது. காவல்துறையில் நெடுங்காலம் பதவி உயர்வின்றி அவர் பணிபுரிந்தார். உதவி ஆணையராக உயர்ந்து, ஏறத்தாழ 27 ஆண்டுப் பணிக்குப் பின் ஓய்வு பெற்றார். ஓய்வூதியத்துக்கும் அவர் போராட வேண்டியிருந்தது. உலக மல்லர்களோடு போராடிய காலம் சில நிமிடங்கள்; அலுவலகக் கோப்புகளோடு போராடிய காலம் பல ஆண்டுகள்!

1982ஆம் ஆண்டு புது தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது சுடரேந்தும் பெருமை அவருக்கு அளிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1984ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள், சாலை விபத்து ஒன்றில் அவர் உயிர் பிரிந்தது. விடுதலை நாளுக்கு முந்தைய நாள் அது.

காலந்தாழ்ந்த சிறப்பு

உயிரோடு இருந்தவரை அருச்சுனா விருது அவரைத் தேடி வரவில்லை. 2000ஆம் ஆண்டுக்கான அவ்விருது, அவர் மறைந்து ஏறத்தாழ 16 ஆண்டுகள் கழிந்தபின் வழங்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு தில்லிக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை ஒட்டி, இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்து மற்போர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மறுபுறம், அவர் பிறந்த கோலேஷ்வரில் மற்போர்ப் பயிற்சி நிலையம் அமைக்கப்படும் என்று 2009இல் அளிக்கப்பட்ட வாக்குறுதி ஆண்டுகள் பல கடந்தும் நிறைவேறவில்லை. அந்நிலையத்தைத் தாங்களே அமைப்பதற்காக அவர் வென்ற பதக்கத்தை ஏலம் விடப்போவதாக 2017ஆம் ஆண்டில் அவர் குடும்பத்தார் அறிவித்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. வீட்டை அடகு வைத்துப் பெற்ற பதக்கத்தை, பயிற்சிக்கூடம் எழுப்ப விற்கும் நிலை வந்ததே என்று வருந்தாதார் யார்?

ஜாதவுக்குப் பின் இந்தியாவுக்கு அடுத்த தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 44 ஆண்டுகள் ஆயின. 1996இல் அட்லாண்டாவில் டென்னிசு வீரர் லியாண்டர் பயஸ் அதைப் பெற்றார். மற்போரில் அடுத்த பதக்கமோ 2008இல் பெய்ஜிங்கில் சுசில் குமார் வாயிலாகக் கிடைத்தது. 56 ஆண்டு இடைவெளி! அதன்பின் வழி திறந்தது. 2012, 2016, 2020, 2024 ஆகிய ஒலிம்பிக்குகள் ஒவ்வொன்றிலும் மற்போரில் நாம் பதக்கம் பெற்றோம். 2016இல் ரியோவில் சாக்ஷி மாலிக் என்னும் பெண்மணி வெண்கலம் வென்றது தனிச்சிறப்பு. பெண்கள் மற்போர் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே 2004இல்தான்.

கலை அரங்கேறும் வழி

கிராமத்துக் களத்தில் பிறந்த கலை உலக அரங்கை அடைவது தானாக நிகழ்வதன்று. மற்போர் பழைய கிரேக்க ஒலிம்பிக்கிலேயே கி.மு. 708 முதல் இருந்தது. 1896இல் ஏதென்சில் தொடங்கிய புதிய ஒலிம்பிக்கிலும் இடம் பெற்றது. அத்தனை பழமை இருந்தும் 2013ஆம் ஆண்டில் அதை நீக்க ஒலிம்பிக் குழு முனைந்தபோது, விதிகளைத் திருத்திக்கொண்ட பிறகே அதே ஆண்டில் தன் இடத்தை அது மீட்டுக்கொண்டது. இஷி கைவிட நேர்ந்த ஜூடோவோ 1964இல் அவருடைய நாட்டுத் தலைநகரான டோக்கியோவிலேயே ஒலிம்பிக் அரங்கேறியது. அக்கலையை உருவாக்கிய ஜிகோரோ கானோ ஒரு கல்வியாளர் என்பதும், 1938இல் மறையும் வரை ஒலிம்பிக் குழுவில் உறுப்பினராக இருந்தவர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கன. கொரியர்களின் டேக்வாண்டோ 2000ஆம் ஆண்டு சிட்னியில் பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. கராத்தே 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம் பெற்று, பாரிசில் இடம் இழந்தது.

நம் சிலம்பம் எங்கே நிற்கிறது? 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் அது காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. இது முதற்படி. அடுத்த படிகளுக்குத் திறமை மிக்க வீரர்கள் வேண்டும். எங்கும் ஒன்றாக ஏற்கப்பட்ட விதிகள் வேண்டும். அவ்விதிகளை அறிந்த நடுவர்கள் வேண்டும். வீரனுக்குப் பக்கத்தில் நின்று அவன் உரிமையைக் கேட்டுப் பெறும் படித்தவர்கள் வேண்டும். கம்பு சுழற்றத் தெரிந்தவர் நம் ஊர்களில் பலர் உண்டு. மற்றப் பணிகளுக்கு ஆள் வேண்டுமெனில், அவர்கள் நம்மைப் போன்ற கல்லூரிகளிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

முடிவுரை

வள்ளுவர் ஆள்வினையுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். செய்ந்நன்றி அறிதலுக்கும் வகுத்தார். ஜாதவின் வாழ்வில் இவ்விரண்டும் ஒருங்கே விளங்கக் காண்கிறோம். முயற்சி அவரை ஹெல்சிங்கிக்கு அழைத்துச் சென்றது. நன்றி அவரைக் கல்லூரி முதல்வரின் வீட்டு வாசலுக்குத் திருப்பி அழைத்து வந்தது.

நம் வகுப்பிலும் ஒருவர் மாலை வேளையில் மைதானத்தில் தனியே ஓடிக்கொண்டிருக்கலாம். போட்டிக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் பெயர் கொடுக்கத் தயங்கலாம். அவருக்காக எவரும் வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. வகுப்புத் தோழர்கள் ஆளுக்குச் சிறிது சேர்த்தால் போதும். விண்ணப்பத்தை நிரப்பித் தந்து அலுவலகம் வரை உடன் சென்றால் போதும். கோலேஷ்வர் மல்லருக்கு மாணவர்களாகிய நாம் செய்யக்கூடிய அஞ்சலி அதுவே.